பள்ளிப் பிள்ளைகளிடம் ஓபராவைக் கொண்டுபோக நினைக்கும் பாடகர்களுக்கு

மேடையில் பாடிப் பழகிய நாலு பேர், ஒரு பியானோ கலைஞர், சாமான் ஏற்ற ஒரு வேன். ஓபராவை, அதாவது கதையைப் பாட்டாகவே நடத்தும் மேற்கத்திய இசை நாடகத்தை, பள்ளிகளுக்குக் கொண்டுபோக இவ்வளவு இருந்தால் போதும் என்று நினைத்துத்தான் நாங்கள் இறங்கினோம். பாட்டு எங்களை ஒருநாளும் கைவிடவில்லை. உரிமக் கடிதம் வராதது, பள்ளியில் ஹால் இல்லாதது, கையில் இருந்த பணம் பத்தாவது நிகழ்ச்சியோடு தீர்ந்துபோனது, இப்படித்தான் அடி விழுந்தது. அதனால் இங்கே எப்படிப் பாடுவது என்று ஒரு வரிகூட எழுதப் போவதில்லை, அது உங்களுக்குத் தெரியும். எந்தக் காகிதம், எவ்வளவு செலவு, எத்தனை மாதம் முன்னால் என்பதை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன்.

நான் சொல்லும் கால அளவெல்லாம் முதல் நிகழ்ச்சி நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டியவை. முழுச் சுற்றுக்கும் 10 மாதம் வைத்துக்கொள்ளுங்கள். 6 மாதத்தில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால், அவருக்கு ஏற்கெனவே அலுவலகமும் ஆட்களும் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

1. எந்த ஓபரா என்பதை ஆள்கணக்கு பார்த்து முடிவு செய்யுங்கள் (10 மாதம் முன்பு)

எல்லோரும் செய்வது, தங்களுக்குப் பிடித்த படைப்பை எடுத்து அதை 45 நிமிடத்துக்குள் அமுக்குவது. நீங்கள் மாற்றிச் செய்யுங்கள். எத்தனை பாடகர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியும், பிள்ளைகள் எந்த இடத்தில் சேர்ந்து பாட முடியும், இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்த பிறகு படைப்பைத் தேடுங்கள். இரண்டாவது கேள்விதான் பெரியது. வெறுமனே உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போன பிள்ளைகளுக்கு ஒரு வாரத்தில் எல்லாம் மறந்துவிடுகிறது, நம்மோடு சேர்ந்து பாடிய பிள்ளைகள் அடுத்த ஆண்டு நம்மைப் பார்த்ததும் அந்த மெட்டை முணுமுணுக்கிறார்கள்.

இந்தக் கண்ணோடு பார்த்தால் சில படைப்புகள் தாமாகவே முன்னால் வந்து நிற்கும். ஜெர்மன் இசையமைப்பாளர் ஹம்பர்டிங்கின் 'ஹான்சலும் கிரெட்டலும்', காட்டில் சூனியக்காரியிடம் மாட்டிக்கொள்ளும் அண்ணன் தங்கை கதை, 1893-ல் முதன்முதலாக மேடையேறியது. அதன் முடிவில் இஞ்சி ரொட்டியாக மாறிப்போன பிள்ளைகள் மறுபடி உயிர்பெறும் இடத்தில் சிறுவர் கோரஸ் மூலப் பிரதியிலேயே இருக்கிறது, நீங்கள் எதையும் ஒட்டவைக்க வேண்டாம். அண்ணன் தங்கை நடனப் பாட்டில் கைதட்டலும் கால்தட்டலும் வரும், அதை மொத்த ஹாலும் செய்யலாம். காட்டில் பிள்ளைகள் தூங்கும்போது வருகிற 14 தேவதைகளுக்குப் பாட்டே கிடையாது. பாடத் தயங்கும் பிள்ளைகள் 14 பேரை அங்கே மேடையேற்றிவிடலாம். ஹான்சல் மெஸ்ஸோ (பெண்களின் நடுக்குரல்), கிரெட்டல் சோப்ரானோ (பெண்களின் உயர்ந்த குரல்). சூனியக்காரியை டெனர் (ஆண்களின் உயர்ந்த குரல்) பாடும் வழக்கமும் உண்டு. பாத்திரங்களை இரட்டிப்பாக்கினால் நாலு பேர் போதும்.

இரண்டே பாடகர்கள்தான் என்றால் இத்தாலிய இசையமைப்பாளர் பெர்கொலேசியின் 'லா செர்வா பத்ரோனா' (1733) இருக்கிறது. ஒரு சோப்ரானோ, ஒரு பாஸ் (ஆண்களின் தாழ்ந்த குரல்), கூடவே வாயே திறக்காத வேலைக்காரன் ஒருவன். அந்த ஊமைப் பாத்திரத்தை அந்தந்தப் பள்ளியின் ஆசிரியருக்குக் கொடுத்துப் பாருங்கள், ஹால் அதிரும். ஆனால் கதை எஜமானனை மணமுடிக்கச் சூழ்ச்சி செய்யும் வேலைக்காரியைப் பற்றியது, சின்னப் பிள்ளைகளுக்குச் சுவைக்காது. 12 வயதுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் என்றால் மொசார்ட் தன் 12 வயதில் எழுதிய 'பாஸ்டியனும் பாஸ்டியனாவும்' கிடைக்கும். இதை எழுதியபோது அவருக்கு உங்கள் வயதுதான் என்று ஆறாம் வகுப்பில் ஒரு வரி சொன்னால் போதும், அதற்கு மேல் அறிமுகம் தேவைப்படாது.

மொசார்ட்டின் 'மந்திரப் புல்லாங்குழல்' எல்லோருக்கும் ஆசைதான். முழுதாக எடுக்காதீர்கள். பறவை பிடிக்கும் பாபகேனோ தன் குழலில் ஊதும் அந்த ஐந்து சுர வரிசையை ஒரு வகுப்பு முழுவதும் சைலோஃபோனிலோ ரெக்கார்டர் என்ற சின்னக் குழலிலோ வாசிக்க முடியும். அவன் காட்சிகளை மட்டும் சுற்றி ஒரு நிகழ்ச்சியைக் கட்டினால் நன்றாக நிற்கும்.

2. உரிமம்: இங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள் (9 முதல் 10 மாதம் முன்பு)

பொறுமையாகப் படியுங்கள், இந்த ஒரு பகுதிதான் எனக்கு அதிகத் தூக்கத்தைக் கெடுத்தது.

ஒரு ஓபராவில் ஒரே ஒரு பதிப்புரிமை இருக்கிறது என்று நினைக்காதீர்கள். இசை, மூலப் பாடல்வரிகள், நீங்கள் பாடப்போகும் மொழிபெயர்ப்பு, கையில் வைத்திருக்கும் அச்சுப் பதிப்பு என்று நான்கையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஹம்பர்டிங்க் இறந்தது 1921-ல், வரிகளை எழுதிய அவருடைய தங்கை அடெல்ஹைட் வெட்டே 1916-ல். பெரும்பாலான நாடுகளில் படைப்பாளி இறந்து 50 முதல் 70 ஆண்டு வரை உரிமை நீடிக்கும், அதனால் இசையும் மூல வரியும் இன்று பொதுச்சொத்து. சரி, அப்படியானால் பிரச்சினை இல்லை என்று நாங்களும் நினைத்தோம். நாங்கள் பாடியது அச்சுப் பிரதியில் சுரங்களுக்குக் கீழே போட்டிருந்த மொழிபெயர்ப்பை. அதைச் செய்தவர் இறந்து அவ்வளவு காலம் ஆகவில்லை. முதல் நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் இருக்கும்போது பதிப்பகத்திலிருந்து கடிதம் வந்தது. நாலு பாடகர்களும் மனப்பாடம் செய்து முடித்த வரிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, பத்து இரவு உட்கார்ந்து நாங்களே புதிதாக மொழிபெயர்த்தோம். முதல் நாலு நிகழ்ச்சியில் பழைய வரியும் புதிய வரியும் வாயில் மாறி மாறி வந்தது.

ஆகவே இரண்டு வழி. ஒன்று, மொழிபெயர்ப்புக்கு எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அல்லது, முதல் நாளிலிருந்தே சொந்தமாக மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குச் செய்யும்போது இரண்டாவதுதான் நல்லது என்பேன், ஏனென்றால் அச்சில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்புகளில் பாதி வார்த்தை இன்றைய பிள்ளைகளுக்குப் புரிவதில்லை. ஒரே எச்சரிக்கை: உச்ச சுரம் விழும் இடத்தில் 'ஆ' மாதிரித் திறந்த உயிரெழுத்து வரும்படி பார்த்து எழுதுங்கள், இல்லாவிட்டால் சோப்ரானோ உங்களை மன்னிக்க மாட்டார்.

உரிமை உயிரோடு இருக்கும் படைப்பை எடுப்பதானால் கணக்கே வேறு. இத்தாலிய-அமெரிக்க இசையமைப்பாளர் மெனோட்டியின் 'அமால்' என்ற ஓபரா 1951-ல் தொலைக்காட்சிக்காக எழுதப்பட்டது, அவர் இறந்தது 2007-ல். ஆங்கிலேய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் 'லிட்டில் ஸ்வீப்' (1949) பார்வையாளர்களே நாலு பாட்டுப் பாடும்படி எழுதப்பட்டது, நம் வேலைக்கு அப்படிப் பொருந்தும். ஆனால் அவர் 1976 வரை உயிரோடு இருந்தார். இவற்றை முழுக் கதையாக, வேடம் கட்டி நடத்த வேண்டுமானால் 'கிராண்ட் ரைட்ஸ்' எனப்படும் மேடை உரிமையைப் பதிப்பகத்திடமே நேரடியாகக் கேட்க வேண்டும். பள்ளியோ ஹாலோ ஆண்டுதோறும் இசை உரிமைச் சங்கத்துக்குக் கட்டும் பொது உரிமத்தில் இது அடங்காது. 'எங்களிடம் லைசென்ஸ் இருக்கிறது, நீங்கள் பாடுங்கள்' என்று பள்ளி சொல்லும். அதை நம்பி இறங்காதீர்கள்.

விண்ணப்பத்தில் கேட்பவை: நிகழ்ச்சி எண்ணிக்கை, இடம், இருக்கைகள், டிக்கெட் உண்டா இலவசமா, எவ்வளவு நிமிடம், என்னென்ன வெட்டுகிறீர்கள், ஆர்கெஸ்ட்ராவா பியானோவா. வெட்டுவதற்கும் பியானோவுக்கு மாற்றுவதற்கும்கூட அனுமதி வேண்டும். சில நேரம் நிபந்தனையும் இருக்கும். அமால் பாத்திரத்தை ஒரு சிறுவன்தான் பாட வேண்டும் என்பது மெனோட்டி எழுதிவைத்த விருப்பம். அப்படி ஒரு சிறுவனை 20 நிகழ்ச்சிக்கு ஓட்டிக்கொண்டு போக முடியுமா என்று யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இலவச இணைய நூலகங்களில் கிடைக்கும் பழைய பிரதிகளின் முதல் பக்கத்தில் பெரும்பாலும் அச்சான ஆண்டு இருக்கும். அந்தப் பக்கத்தை அச்செடுத்து கோப்பில் வையுங்கள், உதவித்தொகை தருபவர்கள் கேட்பார்கள்.

3. பட்ஜெட்: பாடும் நாளை மட்டும் எண்ணாதீர்கள் (9 மாதம் முன்பு)

நாட்டுக்கு நாடு பணம் மாறும் என்பதால் அலகாகச் சொல்கிறேன். ஒரு பாடகரின் ஒரு நாள் நிகழ்ச்சிக் கட்டணம் 1 அலகு என்று வையுங்கள். நாலு பாடகர், ஒரு பியானோ கலைஞர், ஒரு மேடை நிர்வாகி, ஆக 6 பேர். நாளைக்கு இரண்டு நிகழ்ச்சி, 10 நாள், மொத்தம் 20 நிகழ்ச்சி.

முதல் ஆண்டு நான் போட்ட கணக்கு இதுதான்: 6 பேர், 10 நாள், 60 அலகு, 20-ஆல் வகுத்தால் ஒரு நிகழ்ச்சிக்கு 3 அலகு. பள்ளிகளுக்கு அந்த விலையைச் சொல்லிவிட்டேன்.

உண்மைக் கணக்கு பிறகுதான் தெரிந்தது. 8 நாள் ஒத்திகைக்கு அரைக் கட்டணம் கொடுத்தால் ஆளுக்கு 4 அலகு, அது 24. நிகழ்ச்சி நாட்கள் 60. இயக்குநருக்கு 10. உடை, செட், சாமான் 8. வண்டி, போக்குவரத்து, தங்கல் 12. காப்பீடு 3. அச்சு, ஆசிரியர் கையேடு, பாட்டுத்தாள் 3. கூட்டினால் 120. எதிர்பாராச் செலவுக்கு 10 சதவீதம் சேர்த்தால் 132. ஒரு நிகழ்ச்சிக்கு 6.6 அலகு. நான் சொன்ன விலையைவிட இரண்டு மடங்குக்கும் மேல். உரிமத் தொகை வந்தால் அது வேறு.

பள்ளியால் 6.6 கொடுக்க முடியாது, அது இயல்பு. பாதியைப் பள்ளியிடமும் மீதியை உதவித்தொகை, நன்கொடை வழியாகவும் திரட்டுவதாகத் திட்டமிடுங்கள். உதவித்தொகை விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு ஓரிரு முறைதான் திறக்கும், முடிவு வர மாதக்கணக்கில் ஆகும், பணம் பாதி முன்னால் பாதி கடைசி அறிக்கைக்குப் பிறகு என்றுதான் வரும். அந்தப் பின்பாதி வரும்வரை சம்பளம் கொடுக்கக் கையில் பணம் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். நான் பார்க்கவில்லை. இரண்டு பேருக்கு நாலு மாதம் தாமதமாகக் கொடுத்தேன், அதில் ஒருவர் மறு ஆண்டு வரவில்லை.

பிள்ளைகளுக்காகத்தானே, கட்டணம் இல்லாமல் பாடுங்கள் என்று பாடகர்களிடம் கேட்காதீர்கள். காலை இரண்டு முறை முழுக் குரலில் பாடிவிட்டு மாலை வேறு ஒத்திகைக்கு ஓட முடியாது, அந்த நாள் முழுதும் அவர்கள் உங்களுடையவர்கள்.

4. ஆட்களும் ஒப்பந்தமும் (5 மாதம் முன்பு)

குரல் தேர்வில் பாட்டை மட்டும் கேட்காதீர்கள். ஒரு பாட்டு முடிந்ததும், 'உங்களுக்கு எட்டு வயது என்று வைத்துக்கொள்ளுங்கள், இப்போது பாடியது என்ன கதை?' என்று கேளுங்கள். பெரிய மேடைகளில் பேர்போன சிலர் இங்கே திணறுவதையும், கோரஸில் நிற்கும் ஒருவர் இரண்டே நிமிடத்தில் அறையைக் கட்டிப்போடுவதையும் பார்த்திருக்கிறேன்.

ஒப்பந்தம் ஒரு பக்கம் போதும். ஆனால் இவை கட்டாயம் இருக்கட்டும்: ஒரு நாளைக்கு அதிகபட்சம் இரண்டு நிகழ்ச்சி, முதல் நிகழ்ச்சி காலை 10 மணிக்கு முன் இல்லை, தொண்டை கட்டிவிட்டால் மாற்று யார், கேன்சல் ஆனால் எத்தனை நாள் முன்னால் சொன்னால் எவ்வளவு பணம், வீடியோ எடுத்தால் யாருக்கு உரிமை. மாற்றுப் பாடகருக்கு ஒத்திகைக் கட்டணம் உண்டு என்பதையும் பட்ஜெட்டில் எழுதுங்கள். குளிர்காலத்தில் பள்ளிகளைச் சுற்றினால் யாராவது ஒருவருக்குச் சளி பிடித்தே தீரும்.

5. பிள்ளைகள் பாதுகாப்புக் காகிதங்கள் (3 மாதம் முன்பே கையில்)

இது இல்லாமல் எந்தப் பள்ளியும் கதவைத் திறக்காது, திறக்கவும் கூடாது.

ஒவ்வொருவருக்கும் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று வேண்டும். ஓட்டுநர், மாற்றுப் பாடகர் உட்பட. சில இடங்களில் இது வாரக்கணக்கில் இழுக்கும், வேறு நாட்டில் வசித்தவர்களுக்கு அந்த நாட்டுச் சான்றும் கேட்பார்கள். ஓபரா பாடகர்களில் பாதிப் பேர் எங்காவது வெளிநாட்டில் படித்தவர்கள் என்பதால் இது நமக்கு அடிக்கடி வரும் தலைவலி. ஒப்பந்தத்தில் கையெழுத்தான அன்றே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

அதோடு பொதுப் பொறுப்புக் காப்பீடு, இடர் மதிப்பீட்டுத் தாள், உங்கள் குழுவின் பாதுகாப்புக் கொள்கை ஒரு பக்கத்தில். கொள்கையில் எழுதவும் நடைமுறையில் காக்கவும் வேண்டியவை சில. எந்தக் கலைஞரும் எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்கக் கூடாது, ஆசிரியர் அறையை விட்டுப் போகக் கூடாது. மூச்சு எப்படி இறங்குகிறது என்று காட்ட விலா எலும்பில் கைவைத்துச் சொல்லித்தருவது நமக்குப் பாட்டு வகுப்பில் பழகிய விஷயம். இங்கே அது கூடாது. உங்கள் உடம்பில் காட்டுங்கள், பிள்ளைகள் தங்கள் கையைத் தங்கள் வயிற்றில் வைக்கட்டும்.

புகைப்படத்துக்குப் பெற்றோர் சம்மதப் படிவம் தனி. பள்ளி வைத்திருக்கும் பொதுச் சம்மதம் பள்ளியின் பயன்பாட்டுக்கு மட்டும்தான், உங்கள் விளம்பரத்துக்குச் செல்லாது. சம்மதம் இல்லாத பிள்ளைகளை ஓரமாக உட்காரவைத்து அவமானப்படுத்தாமல், படமெடுப்பவரைப் பின்னால் நிற்கவைத்துத் தலைகளை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள்.

ஒலியையும் இடர்த் தாளில் எழுதுங்கள். 85 டெசிபெல்லை ஒரு நாளில் 8 மணி நேரம் தாங்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும் என்பது காது பாதுகாப்புக்கு வழங்கும் கணக்கு. பயிற்சி பெற்ற குரல் பக்கத்தில் நின்றால் 100-ஐத் தாண்டும். முன்வரிசைக்கும் பாடகருக்கும் இடையே 3 மீட்டர் விடுங்கள், பிள்ளைகள் நடுவே நடந்து போகும்போது முழுக் குரல் வேண்டாம்.

6. பள்ளியோடு பேசுவது (7 முதல் 8 மாதம் முன்பு)

தலைமை ஆசிரியருக்கு எழுதுங்கள், ஆனால் நிகழ்ச்சியைக் காப்பாற்றப் போவது ஹாலின் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர்தான். அவர் பெயரும் தொலைபேசி எண்ணும் கிடைக்காமல் ஒப்பந்தம் போடாதீர்கள். ஒருமுறை காலை 8 மணிக்கு செட்டோடு போய் இறங்கினோம், ஹாலில் தேர்வுக்காக 120 மேசை போட்டிருந்தது. அலுவலகத்தில் எங்கள் தேதி எழுதியிருந்தது, தேர்வுக்குழுவுக்குத் தெரியவில்லை. விளையாட்டுத் திடலில் பாடினோம், திறந்தவெளியில் குரல் எங்கோ போய்விட்டது, பின்வரிசைக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பள்ளிக்கு அனுப்பும் படிவத்தில் இவற்றைக் கேளுங்கள்: ஹாலின் நீள அகலம், கதவின் அகலம், எந்த மாடி, லிஃப்ட் உண்டா, மின்னிணைப்பு எங்கே, எத்தனை பிள்ளைகள் எந்த வயது, காது கேளாத அல்லது சத்தம் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருக்கிறார்களா, ரப்பர் ஒவ்வாமை யாருக்காவது உண்டா. கடைசிக் கேள்வி ஏன் என்று பிறகு சொல்கிறேன். பள்ளி மணி அடிக்கும் நேரங்களையும் கேட்டு வாங்குங்கள். தாலாட்டின் நடுவில் மணி அடித்தால் அந்த இடம் போனது போனதுதான்.

ஒரு நிகழ்ச்சிக்கு 200 பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். பள்ளிகள் 500 பேரை உட்காரவைக்கக் கேட்கும், செலவு குறையும் என்று நமக்கும் தோன்றும். மறுத்துவிடுங்கள், இரண்டு நிகழ்ச்சியாகச் செய்யுங்கள்.

7. ஆசிரியர் கையில் 6 வாரம் முன்பே போக வேண்டியது

என்னிடம் ஒரே ஒரு அறிவுரை கேட்டால் இந்தப் பகுதியைத்தான் காட்டுவேன். பிள்ளைகள் பாட்டைக் கற்றுக்கொள்வது நாம் போகும் நாளில் நடக்காது. இத்தாலியில் அஸ்லிகோ என்ற ஓபரா அமைப்பின் 'ஓபரா டொமானி' திட்டத்தில் பிள்ளைகள் மாதக்கணக்கில் வகுப்பில் கோரஸைப் பழகிவிட்டு அரங்கில் தங்கள் இருக்கையிலிருந்தே பாடுகிறார்கள். அந்த அளவு முடியாவிட்டாலும், மூன்று பாட்டுகளை 6 வாரத்தில் பழகிவிடலாம்.

அனுப்ப வேண்டியவை: பாட்டுத்தாள், பியானோவோடு பாடியது ஒன்று, பாடாமல் பியானோ மட்டும் ஒன்று, உச்சரிப்புக்கு மெதுவாகப் பேசியது ஒன்று என மூன்று ஒலிப்பதிவு, இரண்டு பக்கத்தில் கதை. அவ்வளவுதான். 40 பக்கக் கையேடு தயாரித்தோம், யாரும் திறக்கவில்லை. ஒலிப்பதிவில் ஓபராக் குரலில் பாடாதீர்கள், பிள்ளைகள் அதைப் போலச் செய்யப்போய்த் தொண்டையை இறுக்கிக்கொள்வார்கள். ஒரு பிள்ளையைப் பாடவைத்தோ, எளிய நேர்க்குரலிலோ பதிவு செய்யுங்கள். சுருதியையும் பாருங்கள், பியானோவின் நடு சி-யில் தொடங்கி, அதற்கு மேல் அடுத்த ஸ்தாயியில் வரும் டி வரையிலான ஒன்பது சுரங்களுக்குள்ளே மெட்டு அடங்கினால் 8 வயதுப் பிள்ளைக்குச் சிரமமில்லை. மூலச் சுருதி அதற்கு மேலே போனால் இறக்குங்கள், நம் பாடகர்கள் சமாளிப்பார்கள்.

பாட்டு ஆசிரியரே இல்லாத பள்ளிகள் நிறைய. அங்கே 4 வாரம் முன்பு ஒரு பாடகரை ஒரு மணி நேரம் அனுப்பி, வகுப்பு ஆசிரியர்களுக்கு அந்த மூன்று பாட்டைக் கற்றுக்கொடுங்கள். 'எனக்குப் பாட வராது' என்று சொல்கிற ஆசிரியர்தான் பெரும்பாலும் கடைசியில் அதிகம் உழைப்பவர்.

8. ஒத்திகையும் சாமானும் (கடைசி 2 வாரம்)

8 நாள் ஒத்திகை போதும். கடைசி நாளை ஒரு பள்ளி வகுப்பின் முன்னால் வையுங்கள், பெரியவர்கள் முன்னால் வேண்டாம். எங்கே நெளிகிறார்கள் என்று பார்த்து அங்கே வெட்டுங்கள்.

செட் ஒரே வேனில் ஏற வேண்டும், ஒற்றைக் கதவு வழியே நுழைய வேண்டும், 60 நிமிடத்தில் நிற்க வேண்டும், 30 நிமிடத்தில் கழற்ற வேண்டும். பள்ளிப் பியானோவை நம்பாதீர்கள். 88 கட்டை டிஜிட்டல் பியானோ, ஸ்டாண்ட், பெடல், ஸ்பீக்கர், நீள மின்கம்பி, எல்லாமே உங்களுடையதாக இருக்கட்டும். பெடல் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். பேசுவதற்கு ஒரு சின்ன மைக். பாட அது வேண்டாம், ஆனால் 200 பிள்ளைகளின் கூச்சலுக்கு மேல் பேசுவதுதான் குரலைத் தின்கிறது, இரண்டு ஏரியா (ஓபராவில் ஒருவர் தனியாகப் பாடும் பாட்டு) பாடுவதைவிட அதிகமாக.

9. அந்த நாள்

முதல் நிகழ்ச்சி 10 மணி, இரண்டாவது 11:30. 8 மணிக்கு ஹாலில் இருங்கள். 45 நிமிடத்தில் கதை முடியட்டும், 10 நிமிடம் கேள்விக்கு.

அறிமுகப் பேச்சோடு தொடங்காதீர்கள். ஒருவர் ஹாலின் பின்கதவிலிருந்து பாடிக்கொண்டே வரட்டும். முதல் சுரத்தில் பிள்ளைகள் சிரிப்பார்கள். இதை உங்கள் பாடகர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், ஏனென்றால் முதல்முறை அது நெஞ்சில் குத்தும். கேலி அல்ல அது. மைக் இல்லாத மனிதக் குரல் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று தெரியாத உடம்பு தன்னையறியாமல் செய்வது. பாடுவதை நிறுத்தாமல் கண்ணைப் பார்த்துக்கொண்டே போனால் ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். அடக்க முயலும் ஆசிரியர்களையும் விட்டுவிடச் சொல்லுங்கள்.

சூனியக்காரியைப் பார்த்து 6 வயதுப் பிள்ளைகள் அழுவார்கள். நாங்கள் இப்போது அந்தப் பாடகரை மேடையிலேயே தொப்பியும் மூக்கும் மாட்டவைக்கிறோம். மாட்டுவதைப் பார்த்த பிள்ளை பயந்தாலும் சிரித்துக்கொண்டே பயப்படுகிறது.

கதை முடிந்ததும் குரல் எப்படி வேலை செய்கிறது என்று 5 நிமிடம் காட்டுங்கள். ஆர்கெஸ்ட்ராவின் சக்தி 500 ஹெர்ட்ஸ் பக்கம் குவிந்திருக்கும், பயின்ற குரல் 3000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு கூர்மையை வைத்து அதைத் தாண்டி வரும் என்று 12 வயதுப் பிள்ளைகளிடம் சொன்னால் கண் விரியும். சின்னவர்களுக்கு பலூன். ஊதிய பலூனை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் பிடித்துக்கொண்டு பாடகருக்கு எதிரே நின்றால், பாட்டின் அதிர்வு கையில் வந்து இறங்கும். ரப்பர் ஒவ்வாமைக் கேள்வி இதற்காகத்தான். ஒரு பள்ளியில் காதுக் கருவி போட்டிருந்த சிறுமி ஒருத்தி பலூனைக் கன்னத்தோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். எங்கள் பாரிடோன் (ஆண்களின் நடுக்குரல்) பாடகர் கீழே இறங்கி இறங்கிப் பாட, ஒவ்வொரு படிக்கும் அவள் விரல்கள் பலூன் மேல் நகர்ந்துகொண்டே இருந்தன. அவர் நிறுத்தியதும் அவள் அந்தப் பலூனைத் திருப்பித் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அதிலிருந்து பெட்டியில் எப்போதும் 30 பலூன் கூடுதலாக இருக்கும்.

10. பதின்வயதினர் என்றால் வேறு திட்டம்

13 வயதுக்கு மேல் 45 நிமிட நிகழ்ச்சி மட்டும் போனால் ஒட்டாது. வாரம் ஒரு முறை, 6 முதல் 8 வாரம், 25 பேருக்கு மேல் இல்லாத குழு, கடைசியில் அவர்களே எழுதி அவர்களே நடத்தும் 10 நிமிடக் காட்சி. நம் பாடகர்கள் அதில் ஓரிரு பாத்திரம் மட்டும். செலவு ஒரு பிள்ளைக்கு என்று பார்த்தால் பல மடங்கு, ஆனால் பாட்டு படிக்க வந்து சேர்ந்தவர்கள் எல்லோரும் எங்களுக்கு இங்கிருந்துதான் வந்தார்கள்.

குரல் உடையும் பருவத்துப் பையன்களைத் தனியாகப் பாடச் சொல்லாதீர்கள். எந்தச் சுருதியில் சுகமோ அங்கே பாடட்டும், தேவைப்பட்டால் அந்த வாரமே மெட்டை மாற்றி எழுதிக்கொடுங்கள். பாடவே மாட்டேன் என்பவருக்கு விளக்கு, ஒலி, மேடை நிர்வாகம் இருக்கிறது. மேடை நிர்வாகியின் ஹெட்செட்டை ஒரு 15 வயதுப் பிள்ளையின் தலையில் மாட்டிப் பாருங்கள்.

11. முடிந்த பிறகு

அன்று மாலையே பள்ளிக்கு விலைப்பட்டியலை அனுப்புங்கள், ஒரு வாரம் கழித்து அனுப்பினால் கணக்கு ஆண்டு முடிந்துவிட்டது என்ற பதில் வரும். ஆசிரியருக்கு நாலே கேள்வியுள்ள தாள், கிளம்பும் முன்பே கையில் வாங்குங்கள், மின்னஞ்சலில் போனால் வராது. பிள்ளைகளிடம் படம் வரையச் சொல்லுங்கள். சம்மதத்தோடு, பெயர் இல்லாமல், உதவித்தொகை அறிக்கையில் நாலு படம் சேர்த்தால் உங்கள் பத்துப் பக்க விளக்கத்தைவிட அது பேசும்.

பயணச்சீட்டு, எரிபொருள், அச்சு ரசீதுகளை அன்றன்றே ஒளிப்படம் எடுத்து வையுங்கள், வேனின் முன்பெட்டியில் கிடக்கும் ரசீதில் மூன்று மாதத்தில் எழுத்தே இருக்காது. கடைசி நிகழ்ச்சி முடிந்த 30 நாளுக்குள் இறுதி அறிக்கையை அனுப்பிவிடுங்கள், மீதிப் பணம் அதன் பிறகுதான் நகரும். அறிக்கை அனுப்பிய அதே நாளில் அடுத்த ஆண்டுக்கு எந்தப் பள்ளி, எந்த மாதம், தேர்வு எப்போது என்று கேட்டு சாவி வைத்திருப்பவருக்கும் ஒரு நகலோடு எழுதிவிடுங்கள்.